எந்த வாத்து என்று பதினொரு மாதம்

எங்கள் வீட்டுக்காரருக்குக் கண்ணாடிக்கடையில் வேலை. கடைக்குள்ளே ஒரு சின்ன இருட்டறை. அதில் ஒரு நாற்காலி, எதிர்ச்சுவரில் எழுத்துப் பலகை, மேசைமேல் நூற்றுக்கணக்கான லென்ஸ் அடுக்கிய மரப்பெட்டி. வருகிறவரை உட்கார வைத்து ஒரு கண்ணை மறைப்பார். ஒரு லென்ஸைப் போட்டு, "இது நல்லாத் தெரியுதா?" என்பார். அதை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டு, "இல்ல, இதுவா?" என்பார். இருபத்தாறு வருடமாக ஒரு நாளைக்கு இருநூறு தடவையாவது இந்த இரண்டு கேள்வியையும் கேட்டிருப்பார். எங்கள் தெருவில் பாதிப் பேர் அவர் பார்த்துச் சொன்ன பவரில்தான் உலகத்தைப் பார்க்கிறார்கள். தொழிலில் கெட்டிக்காரர், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். குறை சொல்ல வேறு நிறைய இருக்கிறது.

கடையில் அடுத்தவர்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறவருக்கு, வீட்டில் தானாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கை வராது. செருப்புக்கடைக்குப் போனால் இடது காலில் ஒன்று, வலது காலில் வேறொன்று என்று மாட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே முக்கால் மணி நேரம் நடப்பார். கடைக்காரப் பையன்கள் அவரைப் பார்த்ததும் டீ குடிக்கப் போய்விடுவார்கள். குளியலறைக் கதவுக்கு என்ன வர்ணம் அடிப்பது என்று இரண்டு வருடம் யோசித்தார். அதற்குள் கதவின் அடிப்பக்கம் உளுத்துப் புதுக்கதவே போட வேண்டியதாகிவிட்டது. கேட்டால், "பதறாத காரியம் சிதறாது" என்பார். காரியம் நடந்தால்தானே சிதறுவதற்கு?

இப்படிப்பட்டவர் என்னைக் கட்டிக்கொள்ள எப்படிச் சம்மதித்தார் என்று என்னோடு வேலை செய்கிறவர்கள் கேட்பார்கள். அவர் எங்கே சம்மதித்தார், அவருடைய அக்காதான் சம்மதித்தார்.

என் வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெரிய சலவை நிலையம். மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளும் விடுதித் துணிகளும் மூட்டை மூட்டையாக வரும். இயந்திரத்தில் போடுவதற்கு முன்னால் கறை பட்டதையெல்லாம் பிரித்தெடுத்து, வெளுப்புத்தூள் கரைத்த தொட்டியில் ஊறவைத்துக் கையால் கசக்க வேண்டும். அந்தத் தொட்டிதான் என்னுடைய இடம். அங்கே நின்று பத்தொன்பது வருடம். ரப்பர் கையுறை கொடுப்பார்கள். அரை மணி நேரத்தில் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும், பிறகு போட்டதும் ஒன்று போடாததும் ஒன்று. முதலில் அரிப்பு, பிறகு தோல் உரிந்தது, பிறகு விரல் மூட்டுகளில் வெடிப்பு. இஸ்திரிப் பக்கம் மாற்றச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். அங்கே இருக்கிறவள் ஓய்வு பெற்றால்தான் இடம். அவளுக்கு என்னைவிட எட்டு வயது குறைவு.

தோல் டாக்டரம்மா என் வலக்கையை விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"களிம்பு எழுதித் தரேன். ஆனா அது சும்மா ஒட்டுப்போடற மாதிரிதான். நீங்க அந்தத் தண்ணியை விடணும்."

"விட்டா சாப்பாடு?"

"அது எனக்குத் தெரியாதும்மா. கையைப் பத்தித்தான் எனக்குத் தெரியும். மூட்டுல தோல் தடிச்சு இறுகிக்கிட்டு வருது. இன்னும் ஒரு வருஷம் இதே தொட்டியில நின்னீங்கன்னா, அப்புறம் விரல் மடங்காது. அதுக்கப்புறம் வேலையை விட்டும் பிரயோஜனமில்ல."

ஒரு வருடம். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் இதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

வாத்து என்ற யோசனையைக் கொடுத்தவர் தெருமுனை ரொட்டிக்கடைக்காரர். கேக்குக்கு வாத்து முட்டை போட்டால் நன்றாக எழும்புமாம், ஆனால் கிடைப்பதில்லையாம். எத்தனை வந்தாலும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். பக்கத்து ஆலை உணவுக்கூடத்தில் சமைக்கிறவர் கறிக்கு வாத்து கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் நீளமாக ஒரு காலி இடம் உண்டு. கடைசியில் பள்ளம், வருடத்தில் பாதி நாள் தண்ணீர் நிற்கும். கோழிக்கு ஆகாது, செடிக்கும் ஆகாது. வாத்துக்கென்றே விட்டுவைத்த இடம் மாதிரி இருந்தது. முட்டையும் கறியுமாக வருமானம் வர ஆரம்பித்தால் நான் தொட்டியை விட்டுவிடலாம்.

கணக்கு சுலபமானது. இன்று குஞ்சு வாங்கினால் முட்டையிட ஐந்தரை மாதம். உடனே வாங்கினால் டாக்டரம்மா சொன்ன வருடம் பாதிகூட முடிவதற்குள் நான் வீட்டில் இருப்பேன். இதை இவரிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டார். தலையை ஆட்டினார்.

"நல்ல யோசனை. எந்த வாத்துன்னு மட்டும் நான் பாத்துச் சொல்றேன்" என்றார்.

அன்றைக்கே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

நகரத்துக்கு வெளியே ஒரு குஞ்சு பொரிப்பகம் இருக்கிறது. அதை நடத்துகிற அம்மாள் உயரமானவர், ரப்பர் பூட்ஸ் போட்டவர், பேச்சில் சிக்கனம். அவரிடம் மூன்று வகை இருந்தன. காக்கி கேம்பெல், மண் நிறம். வருடத்துக்குக் கிட்டத்தட்ட முந்நூறு முட்டை இடும், ஆனால் உடம்பு ஒல்லி. வெள்ளைப் பெக்கின், இரண்டே மாதத்தில் கொழுகொழுவென்று கறிக்குத் தயார், ஆனால் முட்டை குறைவு, வாயும் ஓயாது. மஸ்கோவி, முகத்தில் சிவப்புச் சதை தொங்குகிறது. சத்தமே போடாது, கறி அருமை, தானே அடைகாத்துக் குஞ்சும் பொரித்துக்கொள்ளும், ஆனால் முட்டை அதைவிடவும் குறைவு, சுவர் தாண்டிப் பறக்கவும் பறக்கும். ஒரே மூச்சில் அந்த அம்மாள் சொல்லி முடித்துவிட்டார். வேறு எவராக இருந்தாலும் அரை மணி நேரத்தில் குஞ்சோடு வீட்டுக்கு வந்திருப்பார்கள்.

இவர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார்.

இவருடைய வழியே தனி. எதையும் இரண்டிரண்டாகத்தான் பார்ப்பார். லென்ஸ் பெட்டிப் பழக்கம். மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் கண் குழம்புமாம். எனவே முதல் வாரம் கேம்பெலா பெக்கினா என்று பார்த்தார். கேம்பெலில் கறி போதவில்லை என்று பெக்கின் ஜெயித்தது. அடுத்த வாரம் பெக்கினா மஸ்கோவியா என்று பார்த்தார். பெக்கின் சத்தம் போட்டு அக்கம்பக்கத்தை எழுப்பும் என்று மஸ்கோவி ஜெயித்தது. சரி, முடிந்தது என்று நான் மூச்சுவிட்டேன். அதற்கடுத்த வாரம் மஸ்கோவியா கேம்பெலா என்று எடுத்தார். மஸ்கோவியில் முட்டை போதவில்லை என்று கேம்பெல் ஜெயித்தது. "அப்ப கேம்பெல்" என்றேன். "அதைத்தான் பெக்கின் ஜெயிச்சிடுச்சே" என்றார். அவர் நோட்டில் புதுப் பக்கம் திருப்பிக் கோடு போட்டார்.

இந்தச் செக்கை மூன்று மாதம் சுற்றினார். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு வாத்து ஜெயிக்கும், அடுத்த ஞாயிறு தோற்கும். முட்டையைக் கண்டால் கறியைக் காணோம், கறியைக் கண்டால் முட்டையைக் காணோம். நான் கையில் களிம்பு தடவிப் பழைய காலுறையை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். காலையில் அதே கையோடு தொட்டிக்குப் போவேன்.

நான்காம் மாதம் ஒரு சரக்கு வண்டி வந்து வீட்டு வாசலில் நின்றது. உள்ளே மூன்று கூடை. வகைக்கு ஒரு ஜோடி, ஆறு பெரிய வாத்துகள்.

"வாங்கிட்டீங்களா?" என்றேன். என் குரலே எனக்குப் புதிதாகக் கேட்டது.

"வாங்கல. ஒரு மாசத்துக்குக் கேட்டு வாங்கிட்டு வந்தேன். சோதனைக்கு."

பின்பக்கம் மூன்று தடுப்புக் கட்டினார். ஒன்றின் முன்னால் பெரிய அட்டையைச் சாய்த்துவைத்து மறைத்தார். "இப்ப இந்த ரெண்டை மட்டும் பாரு" என்றார். பிறகு அட்டையை நகர்த்தி வேறொன்றை மறைத்தார். "இப்ப?" கண் பரிசோதனைக்கு வந்தவள் மாதிரி நானும் முற்றத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

அந்த ஒரு மாதத்தில் வீடு பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பெக்கின் ஜோடி பொழுது விடிவதற்கு முன்பே தொண்டையைத் திறந்துவிடும். மஸ்கோவி ஆண் மதிலைத் தாண்டிப் பக்கத்து டயர்க்கடைக்குள் போய், அடுக்கிவைத்த டயர்களின் உச்சியில் உட்கார்ந்துகொண்டு வருகிற வாடிக்கையாளரைப் பார்த்துச் சீறியது. டயர்க்கடைக்காரர் நல்ல மனுஷர், இவரைக் கண்ணாடி அண்ணே என்றும் என்னை அண்ணி என்றும் கூப்பிடுவார். அவரே மூன்றாம் தடவை வாத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, "அண்ணி, இதுக்கு நம்ம கடையில வேலை போட்டுக் குடுத்திடட்டுமா?" என்று கேட்டார். இவர் அதற்குள் ஆறையும் சமையலறைத் தராசில் நிறுத்துவிட்டு, எடையை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

கேம்பெல் பெட்டை மட்டும் வம்புதும்பு இல்லாமல் நாளுக்கொரு முட்டை வைத்துவிட்டு ஓரமாக நின்றது. முப்பது நாளில் இருபத்தேழு முட்டை. நான் எண்ணினேன். ரொட்டிக்கடைக்காரர் இருபத்தேழையும் எடுத்துக்கொண்டு, அடுத்தது எப்போது என்றார்.

"இதுக்கு மேல என்னங்க வேணும்?" என்று இவரிடம் கேட்டேன்.

"ஒரே ஒரு பெட்டையை வெச்சு எப்படிச் சொல்றது? அது தனியா நல்ல வாத்தா இருக்கலாம். அதோட, வளந்த வாத்தை வெச்சுப் பாத்தது தப்பு. குஞ்சுலேருந்து பாக்கணும்."

ஆறையும் கூடையில் போட்டுத் திருப்பி அனுப்பினார். இருபத்தேழு முட்டையிட்ட அந்த வாத்து கூடையில் ஏறும்போது என்னைப் பார்த்தது. நான் சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்டினேன். என்ன செய்ய, வேறு யாரை உருட்டுவது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவருக்கு அதற்குப் பிறகு கோணல் இல்லாத மாதமே இல்லை. ஆறாம் மாதம் குளிர், குஞ்சு தாங்காது. ஏழாம் மாதம் தீவனம் சரியில்லை. எட்டாம் மாதம் கடையில் கண் பார்க்க வருகிறவர்களிடமே கேட்க ஆரம்பித்தார். இருட்டறையில் ஒரு கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறவர்களிடம், "நீங்க வாத்து வளர்த்தா முட்டைக்கு வளப்பீங்களா, கறிக்கு வளப்பீங்களா?" என்றிருக்கிறார். ஓர் ஆசிரியை பயந்துபோய், "கறிக்கு" என்று சொல்லிவிட்டு, அதையே லென்ஸுக்கான பதிலாக எடுத்துக்கொண்டாரோ என்று சந்தேகப்பட்டு முதலாளியிடம் போய்விட்டார். முதலாளி கூப்பிட்டுக் கண்டித்ததாக இவரே வந்து சொன்னார். சொல்லிவிட்டு, "ஆனா கறிக்குன்னு பதினாலு பேர், முட்டைக்குன்னு பதிமூணு பேர்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாரம் காலையில் எழுந்ததும் என் வலது சுண்டுவிரல் வெந்நீரில் வைத்தால்தான் மடங்கியது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். இவர் நிதானக்காரர்தான், ஆனால் இவ்வளவுக்கு இல்லை. முக்கால் மணி நேரம் நடந்தாலும் கடைசியில் செருப்பு வாங்கிக்கொண்டுதான் வெளியே வருவார். கதவு உளுத்தாலும் புதுக்கதவுக்கு வர்ணம் அடித்தார். வாத்து விஷயத்தில் மட்டும் கிட்டே போகப் போகப் பின்வாங்கினார். இது எனக்கு விளங்கவே இல்லை. சோம்பல் என்றேன், பயம் என்றேன், என் கையைப் பற்றி அக்கறை இல்லை என்றும் ஒருநாள் வாய்விட்டுச் சொன்னேன். அடுத்த நாள் களிம்பு புது டப்பா வாங்கி வந்து வைத்திருந்தார்.

பதினோராம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பாத்திரம் துலக்கிவிட்டுக் குழாயை மூடப் போனேன். பிடிக்க முடியவில்லை. சுண்டுவிரலும் மோதிர விரலும் நீட்டிக்கொண்டு நின்றன. மற்ற மூன்று விரலால் திருகினால் வழுக்கியது. தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. இடக்கையால் மூடியிருக்கலாம். அந்த நேரத்தில் அது தோன்றவில்லை. அப்படியே நின்றுகொண்டு, "என்னங்க" என்று கூப்பிட்டேன்.

வந்தார். குழாயை மூடினார். என் கையை எடுத்துப் பார்த்தார். முன்னும் பின்னும் வெகுநேரம் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னொரு கையையும் குடுக்கட்டுமா? இதா அதான்னு பாத்து நோட்டுல எழுதிக்குங்க."

அவர் கையை விடவில்லை. பின்வாசல் படியில் உட்கார்ந்தார். கையைப் பிடித்திருந்ததால் நானும் உட்கார வேண்டியிருந்தது.

"அந்த வேலைக்கு உன்னைப் போகச் சொன்னது நான்தான்" என்றார்.

"எந்த வேலைக்கு?"

"சலவைக்கு. இங்க குடிவந்த புதுசு. தையல் நிலையத்துல ஒரு இடம் இருந்துச்சு, சலவையில ஒரு இடம் இருந்துச்சு. எதுக்குப் போகட்டும்னு நீ கேட்ட. நான் வாசல்ல குனிஞ்சு ஷூ கயிறு கட்டிக்கிட்டிருந்தேன். தையலுக்கு ரெண்டு பஸ் மாறணும். சலவைக்குப் போயேன், பக்கத்துலதானேன்னு சொன்னேன். தலையைக்கூட நிமித்தல."

எனக்கு அது நினைவிலேயே இல்லை. நான் கேட்டேனா, அவர் சொன்னாரா, ஒன்றும் தெரியவில்லை. பத்தொன்பது வருடம் தொட்டியில் நின்றவள் நான். நினைவு வைத்துக்கொண்டிருந்தது அவர்.

"வாழ்க்கையில ஒரே ஒரு தடவைதான் யோசிக்காம ஒண்ணு சொன்னேன்" என்றார். "அது உன் கையில வந்து நிக்குது. இந்தத் தடவையும் தப்பாச் சொல்லிட்டா என்ன பண்றதுன்னு..."

வேறொரு நாளாக இருந்தால் நான் உருகியிருப்பேன். ஐயோ பாவம் என்று தோளைத் தொட்டிருப்பேன். எனக்கு வந்தது கோபம்தான். இருபத்தைந்து வருடக் குடித்தனத்தில் அவ்வளவு கோபம் வந்ததில்லை.

"அதுக்காக இன்னும் பதினொரு மாசம் அதே தண்ணியில நிக்க வெச்சீங்களா?" என்றேன். "தெரியாம சொன்னது அன்னைக்கு. அதை நான் மன்னிக்கக்கூட வேண்டியதில்ல, எனக்கு ஞாபகமே இல்ல. தெரிஞ்சே நிக்க வெச்சது இது. மோசமான வாத்தை வாங்கியிருந்தாலும் இந்நேரம் நான் வீட்டுல இருந்திருப்பேன். நாப்பது காக்காயை வாங்கிட்டு வந்திருந்தாக்கூட வளத்திருப்பேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். மதிலுக்கு அந்தப் பக்கம் டயர்க்கடையில் சுத்தியல் சத்தம் நின்றுபோனது. நின்றால் நிற்கட்டும்.

நான் ஓய்ந்த பிறகு அவர் மெல்லக் கேட்டார். குத்திக்காட்டிக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"நீ ஏன் வாங்கல?"

"என்னது?"

"பொரிப்பகம் உனக்குத் தெரியும். அந்தம்மாவைத் தெரியும். கேம்பெல்தான்னு உனக்கு நாலாம் மாசமே தெரியும். நீயே போய் வாங்கியிருந்தா நான் தடுத்திருக்கவா போறேன்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். நீங்கள்தானே பார்த்துச் சொல்கிறேன் என்றீர்கள் என்று சொல்ல வந்தேன். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை அல்ல. தப்பாகப் போனால் திட்டுவதற்கு எனக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. நானே வாங்கி, அது சரிப்படாமல் போனால் யாரைத் திட்டுவது? அதற்காகத்தான் அவர் வாயிலிருந்து வரட்டும் என்று நானும் உட்கார்ந்திருந்தேன். இதை அவரிடம் சொல்லவில்லை. "நாளைக்குக் காலையில போறோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனேன்.

மறுநாள் சலவைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு இருவரும் போனோம். பொரிப்பகத்து அம்மாள் இவரைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார். அரை நாள் ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

"உக்கார வேண்டாம்மா" என்றேன். "முட்டை வாத்து. நாப்பது பெட்டைக் குஞ்சு."

"இன்னைக்குப் பொரிச்சதே இருக்கு. ஆண் குஞ்சை யாரும் சீந்தறதில்ல. பத்து சேத்துப் போடறேன், கறிக்கு வளத்துக்குங்க. ஒல்லியாத்தான் இருக்கும்."

"ஒல்லிக் கறியும் கறிதான். போடுங்க."

இவர், "அந்தப் பக்கத்துத் தட்டுல இருக்கறது கொஞ்சம் பெரிசா..." என்று ஆரம்பித்தார். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் பேச்சை விட்டுவிட்டு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டார். எல்லாமாகச் சேர்ந்து ஏழு நிமிடம் ஆகியிருக்கும். பதினொரு மாதமாக எதற்குக் காத்திருந்தோமோ அது ஏழு நிமிட வேலை.

அதற்குப் பிறகு ஐந்தரை மாதம் இவர் உழைத்த உழைப்பைச் சொல்லாவிட்டால் பாவம் வரும். தேர்ந்தெடுக்க வேண்டியது எதுவும் மிச்சமில்லை என்றால் இவர் தங்கமான மனுஷர். நான் தொட்டியில் நிற்க, இவர் விடியலில் எழுந்து தீவனம் கலக்கினார், விளக்கு வைத்துச் சூடு காட்டினார், பள்ளத்துக்கு வரப்புக் கட்டினார். கேம்பெல் பயந்த சாதி. டயர்க்கடையில் காற்றடிக்கிற சத்தம் கேட்டால் ஐம்பதும் ஒரே மூலையில் போய் நசுங்கும். மதில் ஓரம் முழுக்கப் பழைய சாக்குகளைத் தொங்கவிட்டுச் சத்தத்தைக் குறைத்தார். மூன்று குஞ்சுதான் செத்தன. அவற்றைப் புதைத்துவிட்டு வந்தபோது, தன் பாதுகாப்பில் குறையா, குஞ்சிலேயே குறையா என்று யோசிக்க ஆரம்பித்தார். நான் கையில் மண்வெட்டியைக் கொடுத்து வரப்பைப் பார்க்க அனுப்பினேன்.

முதல் முட்டை ஒரு வியாழக்கிழமை வந்தது. இரண்டு வாரத்தில் நாளுக்கு இருபத்தைந்து, முப்பது. ரொட்டிக்கடைக்காரர் தட்டு அனுப்பினார். நான் சலவை நிலையத்தில் கையுறையைக் கழற்றிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். பேனாவைக் கட்டைவிரலுக்கும் அடுத்த இரண்டு விரலுக்கும் நடுவில் பிடித்துத்தான் போட்டேன்.

தோல் டாக்டரம்மாவிடம் போனோம். இடக்கை நன்றாக வந்துவிடும் என்றார். வலக்கையில் மூன்று விரல் பிழைத்துக்கொண்டது. மற்ற இரண்டையும் மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார்.

"எப்ப வேலையை விட்டீங்க?"

"போன வாரம்."

"போன வருஷமே சொன்னேனேம்மா."

இவர் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். டாக்டரம்மா அவரைக் கேட்கவில்லை. ஆனாலும் அவர், "என்னாலதான்" என்றார். டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. களிம்புச் சீட்டை என்னிடம் நீட்டினார்.

இப்போது அன்றாடம் நான்தான் வாத்துகளைப் பார்த்துக்கொள்கிறேன். முட்டை பொறுக்குவது இடக்கை. வலக்கை கூடையைத் தாங்கும், அவ்வளவுதான். இவர்மேல் கோபம் போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை. இருக்கிற கோபத்தோடு சாப்பாடு போடுகிறேன், சாப்பிடுகிறார். சில நாள் என் வலக்கை விரல்களை மடியில் வைத்துக்கொண்டு எண்ணெய் தேய்த்து நீவிவிடுவார். வலித்தால் சொல் என்பார். வலிப்பதில்லை என்பதுதான் கஷ்டம்.

போன வாரம் டயர்க்கடைக்காரர் மதிலுக்கு மேலே தலையை நீட்டினார். அவருக்கும் கடைக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறதாம், எங்களைப் பார்த்து ஆசை வந்துவிட்டதாம், எந்த வாத்து வாங்கலாம் என்று இவரிடம் கேட்டார்.

இவர் முகம் மலர்ந்துவிட்டது. "நில்லுங்க, சொல்றேன். இதுல ரெண்டு விதமாப் பாக்கணும். உங்களுக்கு முட்டை முக்கியமா, கறி முக்கியமா?"

"ரெண்டும்தான் அண்ணே."

"அப்படின்னா முதல்ல கேம்பெலையும் பெக்கினையும் எடுத்துக்குவோம்" என்று இவர் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார்.

நான் முட்டைக் கூடையை இறக்கிவைத்துவிட்டு மதிலருகே போனேன். வலக்கையை நீட்டி, டயர்க்கடைக்காரர் பார்க்கும்படி மடக்கிக் காட்டினேன். மூன்று விரல் மடங்கியது. இரண்டு நின்றது.

அவர் மதிலுக்கு மேலே குனிந்து பார்த்தார். "மடங்காதா அண்ணி?"

"மடங்காது தம்பி. பதினொரு மாசம் யோசிச்சோம்."

இவர் பேனாவைத் தேடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "யோசிச்சார்" என்று நான் சொல்வேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார். நானும் அப்படித்தான் சொல்ல நினைத்தேன்; வாயில் வேறாக வந்துவிட்டது.

டயர்க்கடைக்காரர் அன்று மத்தியானமே கடையைச் சாத்திவிட்டுப் பொரிப்பகத்துக்குப் போனார். என்ன வகை வாங்கி வந்தார் என்று நாங்கள் இருவருமே கேட்கவில்லை.